தடைக்காலத்து எம்.டி. 90: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: அப்பாவின் ஹொண்டா எம்.டி. 90 எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. காபரேற்றருக்குப் பக்கத்தில் பெற்றோல் விடும் சின்னப் போத்தல், அதிலிருந்து வரும் குழாய், பின்னால் மூட்டை ஏற்றுவதற்கு ஒட்டிய இரும்புக் கரியர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 2009 இல் வழியில் கைவிட்டுப் போனோம். மீள்குடியேறிய பிறகு அப்பா தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யவே இல்லை. இப்போது வீட்டில் வைத்தே திருத்த நினைக்கிறேன். ஜப்பானில் இருந்து வந்த மாதிரியே சிவப்புப் பூசி அசலாக்கு என்கிறார் ஒருவர். தேவையில்லாததை வெட்டி எறிந்துவிட்டு 'கபே ரேசர்' ஆக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். கராஜில் கேட்டால், வேறு எஞ்சின் போட்டுவிட்டால் கரைச்சல் இல்லை என்கிறார்கள். எதைச் செய்யலாம்?
— வாசகர், விசுவமடு

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று யோசனைகளும் வேறு வேறு போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. வன்னிக்கு வந்த பிறகு அந்த வண்டிக்கு நடந்ததெல்லாம் துடைத்தெறிய வேண்டிய அழுக்கு என்பதே அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டுகிறவரின் உயிர் தங்கியிருக்கும் பாகங்களை, அதாவது பிரேக், ரயர், வயர், எரிபொருள் குழாய், எஞ்சினின் உட்பாகம் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள். அந்த வண்டி எப்படிப் பிழைத்தது என்று சொல்லும் போத்தல், குழாய், ஒட்டுக் கரியர் ஆகியவற்றையும், தூரிகையால் பூசிய பெயின்ற் இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். அழகுபடுத்த ஆசையிருந்தால், நாளைக்கு ஒரு ஸ்பனரால் கழற்றி எடுக்கக்கூடிய விதமாக மட்டும் செய்யுங்கள். வெட்டவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். இதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் 'அசல்' என்ற கதையை எடுப்போம். ஹொண்டாவின் சூப்பர் கப் 1958 இல் வெளிவந்தது. 2017 ஆம் ஆண்டுக்குள் அந்தக் குடும்பத்தில் 10 கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. ஜப்பானின் தபால் சேவைக்கென்று அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான் எம்.டி. வரிசை. சிவப்பு நிறம், கடிதப் பொதி ஏற்றுவதற்குக் கனமான கரியர், கிளச் பிடி இல்லாத 3 கியர், 89 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நாலு ஸ்ரோக் எஞ்சின். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று நின்று போவதற்காகவே செய்த வண்டி. அங்கே பாவித்துக் கழித்தவை இங்கே வந்து, எம்.டி. என்ற இரண்டு எழுத்திலேயே வன்னி முழுக்கத் தெரிந்த பெயராகின. கிரவல் ஒழுங்கைக்கும் வயல் வரம்புக்கும் மாரியில் சேறாகும் காட்டுப் பாதைக்கும் அது ஈடுகொடுத்தது. ஆனால் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது எம்.டி. எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் ஏராளம். உதிரிப்பாகப் பட்டியல்கள் இருக்கின்றன, திருத்தக் கைநூல்கள் இருக்கின்றன, கீறல் படாமல் பேணப்பட்ட வண்டிகளும் ஜப்பானில் இருக்கின்றன. உங்கள் வண்டியையும் அப்படியே ஆக்கிவிட்டால் அந்தத் தொகையில் இன்னும் ஒன்று கூடும், அவ்வளவுதான். தடைக்காலத்து மெக்கானிக் ஒருவரின் கைவேலையோடு நிற்கும் எம்.டி. எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததில்லை. அதை இழந்தால் திரும்பச் செய்வதற்கு வழியில்லை.

அந்தக் கைவேலை என்ன என்பதை விளங்கிக்கொண்டால்தான் அதன் மதிப்புத் தெரியும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து 2002 தொடக்கத்தில் தடை தளர்த்தப்படும் வரை, எரிபொருளும் பற்றறியும் உரமும் வன்னிக்கு வரத் தடையிருந்த பொருட்களில் அடங்கும். பெற்றோல் கிடைத்தால் அது பெரும் விலைக்கு விற்ற பொருள். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவதில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயைப் பிளக்கின் பொறி பற்றவைக்காது. மற்றது, அதன் ஒக்டேன் அளவு. இன்று நாம் அடிக்கும் 92 ஒக்டேன் பெற்றோலில் அது பாதியும் தேறாது. அதனால் பொறி விழுந்த பிறகு மிச்சக் கலவை தன்பாட்டில் வெடித்து, பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்தது மாதிரிச் சத்தம் கேட்கும். முதல் தடைக்கு விடைதான் உங்கள் வண்டியிலுள்ள போத்தல். அதிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. இரண்டாவதுக்கு விடை வெளியே தெரியாது. ஹெட்டையோ சிலிண்டரையோ கழற்றும்போது அடியில் வழமையான ஒரு பக்கிங்குக்குப் பதிலாக இரண்டோ, கையால் வெட்டிய தடித்த தகடோ இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள்.

இருந்தால் அதைச் சும்மா தூக்கி எறியாமல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹொண்டா 90 எஞ்சின்களில் பழகிய அளவான 50 மில்லிமீற்றர் துளையையும் 8.2 என்ற அமுக்க விகிதத்தையும் எடுத்துக்கொள்வோம். 1 மில்லிமீற்றர் தடிப்புக் கூடினால் எரியறையில் ஏறத்தாழ 2 கன சென்ரிமீற்றர் இடம் கூடும். அந்தச் சிறிய இடத்தால் விகிதம் 7.2 அளவுக்கு இறங்கிவிடும். அமுக்கம் குறைந்தால் தட்டலும் குறையும், இழுவையும் குறையும். கேம் ஹெட்டிலேயே இருக்கும் எஞ்சின் ஆகையால், ஹெட் உயர்ந்த அளவுக்குச் சங்கிலி இழுபட்டு வால்வு திறக்கும் நேரமும் ஒரு சொட்டுப் பிந்தும். இவ்வளவையும் அளவுகருவி இல்லாமல், சத்தத்தைக் காதால் கேட்டே சரிசெய்தார்கள். இதே விடையைப் பிரித்தானியாவில் தொழிற்சாலைகள் கண்டிருந்தன. 1949 இல் வந்த பேர்கசன் டி.இ.டி. 20 உழவு இயந்திரம் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அமுக்கத்தைக் குறைத்திருந்தார்கள், பெற்றோலுக்குத் தனிச் சிறு அறை வைத்தார்கள், பெற்றோலில் கிளப்பிச் சூடானதும் திறப்பை மாற்றச் சொன்னார்கள். கிளிநொச்சி வயல்களில் உழும் மசி பேர்கசனின் முன்னோர் அது. பிரித்தானியாவில் அந்த இரட்டை ஏற்பாட்டோடு உழவு இயந்திரத்தைப் பேணுகிறவர்கள் அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். பொறியியலாளர் குழு வரைபடம் போட்டுச் செய்த வேலையைக் கொட்டிலுக்குள் இருந்து தனியொரு ஆள் செய்தால் அது மட்டும் எப்படி அழுக்காகும்?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மண்ணெண்ணெய்தானே அந்த எஞ்சினைச் சாப்பிட்டது, அதை ஏன் கொண்டாட வேண்டும்? சாப்பிட்டது உண்மை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். இந்த எஞ்சினில் மொத்த ஒயிலே ஒரு லீற்றருக்குக் குறைவு. ஆகவே கொஞ்சம் கலந்தாலும் தண்ணீர் போல இளகிவிடும். பழைய ஹொண்டா 90 எஞ்சின்களில் கேம் தண்டு தனி பெயரிங் இல்லாமல் அலுமினிய ஹெட்டிலேயே சுழலும். இளகிய ஒயில் முதலில் கடிப்பது அந்த இடத்தைத்தான். அதனால்தான் எஞ்சினின் உள்ளே கருணை காட்ட வேண்டாம் என்கிறேன். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் இரண்டு மூன்று கரண்டி ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கிக் அடிக்காமல் பின் சில்லைக் கையால் உருட்டி எஞ்சின் சுழலுகிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் உதைக்க வேண்டாம், கழற்றுங்கள். கேம் இருக்கைகளில் ஆட்டம் உண்டா, ரொக்கர் முனையில் பள்ளம் விழுந்திருக்கிறதா, சிலிண்டரின் மேற்பகுதியில் விளிம்பு தட்டுப்படுகிறதா என்று விரல் நகத்தாலேயே தடவிப் பார்க்கலாம். பிறகு லேத் வேலைத்தளத்தில் அளந்து, துளையைப் பெருப்பித்து ஓவர்சைஸ் பிஸ்டனும் றிங்கும் போடுங்கள். இந்த எஞ்சினில் கடதாசி ஒயில் பில்ரர் கிடையாது. கிளச் பக்கத்தில் சுழன்றபடி அழுக்கைப் பிடிக்கும் கிண்ணமும், அடியில் ஒரு வலைச் சல்லடையும் உண்டு. பல கராஜ்களில் அதை யாரும் திறப்பதில்லை. நீங்கள் திறந்தால் பல வருடத்து மண் போன்ற படிவைக் காண்பீர்கள். அதை வழிக்காமல் புதுப் பிஸ்டன் போடுவது வீண் செலவு.

பக்கிங்கை வழமையான தடிப்புக்குக் கொண்டுவந்து, பெரிதாக்கிய ஜெட் இருந்தால் அளவானதை மாற்றி, வண்டியைப் பெற்றோலில் மட்டும் ஓட்டுங்கள். பழைய இரட்டைப் பக்கிங்கையும் ஜெட்டையும் ஒரு உறையில் போட்டு, எங்கிருந்து எப்போது கழற்றியது என்று எழுதி வையுங்கள். போத்தலும் குழாயும் அதே இடத்தில் நிற்கட்டும், ஆனால் காபரேற்றர் பக்கத்து முனையை அடைத்துப் போத்தலை வெறுமையாக வையுங்கள். வெயிலில் நின்று உக்கிய பிளாஸ்ரிக் குழாயில் பெற்றோல் விட்டால், சூடான எஞ்சினுக்கு மேல் ஒழுகித் தீப்பிடிக்கும். இதுதான் என் வாதத்தின் நடைமுறை வடிவம். சேதத்தை விளைவித்த பழக்கத்தைத் தொடர வேண்டியதில்லை, அந்தப் பழக்கத்தின் சான்றை அழிக்கவும் வேண்டியதில்லை. மீண்டும் மண்ணெண்ணெயில் ஓடினால் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியதை நினைவுபடுத்துங்கள். மலிவு எண்ணெய் என்ற காலம் அன்றோடு போயிற்று.

அடுத்த மறுப்பு இதைவிடப் பாரமானது. போர் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் வீட்டுக்குள் ஏன் அந்த நினைவை வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்கலாம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போன எவருக்கும், வழிநெடுகக் கைவிட்ட வாகனங்கள் என்றால் என்னவென்று தெரியும். அந்தக் கேள்விக்கு வெளியில் இருந்து பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அப்பாவும் அம்மாவும் சொல்ல வேண்டிய பதில். கழற்று என்று அவர்கள் சொன்னால் கழற்றுங்கள். ஆனால் கழற்றுவது வேறு, பழைய இரும்புக்காரருக்குக் கிலோ கணக்கில் போடுவது வேறு. படம் எடுத்து, இடம் குறித்து, ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டால் இன்றைய மனதுக்கும் நாளைய பிள்ளைகளுக்கும் இடம் இருக்கும். போரில் பாவித்த ஆயுதங்களையும் கலங்களையும் புதுக்குடியிருப்பில் காட்சிக்கு வைத்தார்கள். அதே காலத்தில் சனம் நோயாளியையும் நெல் மூட்டையையும் ஏற்றிய வண்டிகள் பழைய இரும்பாகப் போய்க்கொண்டிருந்தன. ஆயுதங்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, தடைக்குள்ளும் சீவியம் எப்படி நடந்தது என்று காட்ட ஒரு பொருளும் இல்லாமல் போகக்கூடாது என்பது என் கவலை.

விற்கப் போனால் விலை போகாதே என்பார்கள். பளபளப்புக்கு இங்கே இன்னும் மவுசு இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய வாகன உலகம் வேறு பக்கம் திரும்பிக் கொஞ்ச காலமாகிறது. 1966 இல் தொடங்கிய பீவா என்ற சர்வதேசப் பழைய வாகனச் சம்மேளனம் 2012 இல் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. இருப்பதைப் பேணுவது முதல் வேலை, மாற்றுவது கடைசி வழி, செய்ததையெல்லாம் எழுதி வைக்க வேண்டும், ஒரு வாகனம் தன் பாவனைக் காலத்தில் அடைந்த மாற்றங்களும் அதன் வரலாற்றில் அடங்கும் என்பதே அதன் சாரம். அந்தச் சம்மேளனத்தின் வரையறையில் 30 வருடம் கடந்திருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பாவிக்கவும் கூடாது. இரண்டாவது நிபந்தனை வன்னிக்குப் பொருந்தாது. இங்கே ஓடக்கூடிய வண்டியை ஓடாமல் வைத்திருக்க வசதியுள்ள வீடுகள் குறைவு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டி எதுவாயினும் விலை ஏறியதைக் கண்டோம். 2022 இல் கியூ.ஆர். அட்டைக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, குறைந்த பெற்றோலில் நெடுந்தூரம் ஓடும் 90 எவ்வளவு உதவி என்பதும் தெரிந்தது. ஆகவே அன்றாடம் ஓடுங்கள். அதற்காகத்தான் பிரேக்கையும் வயரையும் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

வேலை தொடங்குவதற்கு முன் சில ஆபத்துகளைச் சொல்லியே ஆக வேண்டும். கைவிடப்பட்ட இடத்தில் கிடந்து வந்த வண்டி என்பதால் சீற்றுக்கு அடி, கருவிப் பெட்டி, பக்க மூடி எதையும் இழுத்துப் பிடுங்காமல் வெளிச்சத்தில் பார்த்துத் திறவுங்கள். இனந்தெரியாத பொருள் எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். உதிரிப்பாகம் தேடிக் காட்டுக்குள்ளும் கண்ணிவெடி அகற்றாத காணிக்குள்ளும் போகவே வேண்டாம். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் வடக்கில் வேலை செய்தும் முடியாமல் இருக்கிறது அந்த வேலை. பழைய இரும்பு பொறுக்கப் போய் உயிரையும் கைகால்களையும் இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. பெற்றோல் தாங்கியில் ஓட்டை இருந்தால், காலியாகத்தானே கிடந்தது என்று நினைத்து வெல்டிங் பிடிக்கக் கொடுக்காதீர்கள். காலித் தாங்கிக்குள் மிஞ்சியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். பலமுறை கழுவி, நெருப்புப் படும் இடத்தை மட்டும் விட்டுத் தண்ணீர் நிரப்பிய பிறகே அனுபவமுள்ளவர் கையில் கொடுங்கள். பழைய பிரேக் சூவில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். டிரமைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

இனி நண்பர்களின் கபே ரேசர். ஆசைப்படுவதில் பிழையில்லை, வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றுவது உலகம் முழுக்க உள்ள நல்ல கைப்பழக்கம். ஆனால் எம்.டி.யின் அழுத்தித் தயாரித்த உடலில் வாலை வெட்டினால் அது திரும்பாது. பாரம் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தின் உறுதிக்கும் உத்தரவாதமில்லை. கைப்பிடி, கண்ணாடி, சீற் உறை, விளக்கு, ரயர் இவற்றை மாற்றியே வண்டியின் தோற்றத்தை வேறாக்கிவிடலாம். அசலானவற்றைத் துடைத்து எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள். கராஜ்காரர் சொல்லும் எஞ்சின் மாற்றத்துக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் திருத்தம் எடுக்க வேண்டும். இலக்கம் பொருந்தாத எஞ்சினோடு வீதியில் மறித்தால் விளக்கம் சொல்லி மாளாது. இடம்பெயர்வில் புத்தகம் தொலைந்திருந்தால், ஒரு ஆணியைக் கழற்றுவதற்கு முன்பே சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த இலக்கங்களைத் துடைத்துப் படமெடுத்து, பொலிசில் முறைப்பாடு பதிந்து, மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் இணைப்பிரதி பெறும் வழியைக் கேளுங்கள். புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். புகைப் பரிசோதனைக்குக் கடைசியில்தான் போக வேண்டும். புது றிங் இருந்து பழக முன் போனால் ஒயில் எரிந்து தோற்கும்.

பெயின்ற் விடயத்தில் அவசரப்படாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மெழுகு பூசி, ஒரு மாதம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். கறள் தின்னும் இடத்தை மட்டும் சுரண்டிக் கறள் தடுப்புப் பூச்சு அடியுங்கள். தூரிகைத் தடம் உள்ள இடத்தைச் சுரண்டும்போது கீழே ஜப்பான் தபாலின் சிவப்புத் தெரிந்தால், இரண்டு படையும் தெரியும்படி உள்ளங்கை அளவு விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் முழுக்கச் சிவப்பாக்கத்தான் வேண்டும் என்று அப்பா விரும்பினால், அது அவருடைய வண்டி. பூசுங்கள், கரியரை மட்டும் பூசாமல் விடுங்கள்.